மாமா கடைசியாகப் பார்த்த கலர்

என் மாமனாரை நான் கொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதற்கு மாறான கருத்துள்ளவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வந்துதான் சாப்பிடுகிறார்கள், என் கையாலேயே கறி வாங்கிக்கொள்கிறார்கள், ஆனாலும் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த காரணம் மாரடைப்பு. குடும்பம் சொல்லும் காரணம் பெயின்ட்.

மாமா அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவழியில் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி, ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை அவருடன் ஓய்வு பெறவில்லை. நான் அவருடைய ஒரே மகள் ஷைனியைக் கட்டி வருடங்கள் பல ஆன பிறகும், என்னைப் பார்க்கும்போது அவர் கண் நேராக என் சட்டைப் பைக்குத்தான் போகும். எனக்கும் கை தானாகப் பைக்குள் போய்த் துழாவும். (டிக்கெட் எடுக்காமல் அந்தக் குடும்பத்துக்குள் ஏறிவிட்டவன் நான் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.)

மனிதர் வெள்ளைப் பிரியர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, வெள்ளை வீடு. கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே, பால் கொட்டியது போல நிற்கும் அந்த வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆள் வைத்து, தானே கூட நின்று சுண்ணாம்பு அடிப்பார். வேறு கலர் என்ற பேச்சே அங்கே கிடையாது.

அவருக்கு இதயம் பலவீனம் என்று தெரிந்ததும் நானும் ஷைனியும் அங்கேயே குடிவந்துவிட்டோம். ஷைனியின் அண்ணன் ஜோஸ் கத்தாரில் இருந்தான். ஆக, வீட்டில் ஆண்பிள்ளை என்றால் நான்தான். அந்த நினைப்புதான் முதல் கோளாறு.

இரண்டாவது கோளாறு என் படிப்பு. நான் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன். ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் புரோட்டா சுடக் கற்றுக்கொண்டபோது, நான் செல்போனில் ‘வீட்டு உள்ளலங்காரக் கலை’ என்று ஒரு இலவச வகுப்பை முடித்தேன். சான்றிதழும் வந்தது. அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டினேன். மாமா அதன் முன்னால் நின்று, காலாவதியான பஸ் பாஸைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் திருந்தியிருப்பேன்.

அந்த வருடம் மாமாவுக்கும் மாமிக்கும் கல்யாணப் பொன்விழா வந்தது. அதற்குச் சில வாரம் இருக்கும்போது மாமாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமியும் ஷைனியும் கூடத் தங்கினார்கள். டாக்டர் ஷைனியைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கிறது, எதற்கும் தயாராக இருங்கள் என்று சொல்லியிருந்தார். அதை ஷைனி என்னிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

அன்றைக்கே ஜோஸும் கூப்பிட்டான். எங்கள் ஊரில் மச்சானை ‘அளியா’ என்போம்.

“அளியா, அப்பா வீட்டுக்கு வாரதுக்குள்ள பெயின்ட் அடிச்சு முடிச்சிரணும். இந்தச் சுண்ணாம்பு வேண்டாம். நல்ல பெயின்டா அடியுங்க. பைசா நான் போட்டு விடுதேன். அப்பா உள்ள வரும்பம் மனசுக்கு ஒரு சந்தோசம் வேணும்.”

“கலர்?”

“அது ஒங்க இஷ்டம் அளியா. நீங்கதான் படிச்சவரு.”

என் வாழ்க்கையில் யாருமே என்னிடம் சொல்லாத வாக்கியம் அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஆரஞ்சு நிறத்தைப் பற்றித் தனியாக ஒரு பாடம் உண்டு. ஆரஞ்சு பசியைத் தூண்டும், சோர்வை விரட்டும், வாழ வேண்டும் என்ற ஆசையைக் கொடுக்கும். நோயாளி இருக்கும் வீட்டில் வெள்ளை கூடாது, அது ஆஸ்பத்திரியை நினைவூட்டும். இதையெல்லாம் பாடம் எடுத்தவர் சொன்னார். (அவர் பின்னால் இருந்த சுவர் வெள்ளை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.) நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், மனதார நம்பினேன். டாக்டர் மருந்தால் முடியாததை நான் பெயின்டால் முடித்துக்காட்டப்போகிறேன் என்றே எனக்குப் பட்டது.

கடையில் கலர் அட்டையை நீட்டினார்கள். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சதுரம். அதன் பெயர் ‘பாலைவனச் சூரியோதயம்’. நன்றாகப் பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே தெரியுமே, அப்படி ஒரு குளிர்ச்சி. நகம் அளவில் எல்லாக் கலரும் நல்ல கலர்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

பெயின்டர் மணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“சாரே, இது செவருக்கா?”

“ஆமா.”

“உள்ளயா, வெளியயா?”

“ரெண்டும்.”

அவன் தடுப்பான் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலமெல்லாம் கிரீமும் வெள்ளையும் அடித்துச் சலித்தவன் அவன். கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. “பொளந்துருவோம் சாரே,” என்றான்.

முதல் கோட்டு கேரட் ஜூஸில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. இரண்டாவது கோட்டில் அது விசுவரூபம் எடுத்தது. இனயம் பக்கம் கடற்கரைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், படகுகளில் உயிர்காப்புச் சட்டை தொங்கும். நடுக்கடலில் படகு கவிழ்ந்தால் ஹெலிகாப்டரில் தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவதற்காக அதற்கென்றே ஒரு கலர் உண்டு. அந்தக் கலரில் ஒரு முழு வீடு. எதிர்வீட்டுக்காரர் வந்து எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறேன் என்று கேட்டார். இன்னொருவர் கேஸ் ஏஜென்சி எடுத்திருக்கிறீர்களா என்றார். எல்லாம் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முன்பக்கத் தூண்கள், கதவு, ஜன்னல், ஹால் சுவரின் இடுப்பளவு உயரம் எல்லாவற்றுக்கும் பளபளப்பாக எண்ணெய் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றேன், அதே கலரில். அப்போது இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருந்தது. மணி மட்டும் ஒரு தடவை வானத்தைப் பார்த்து, “காய நேரம் எடுக்கும் சாரே,” என்றான். மாமா வர இன்னும் நேரமிருக்கிறது என்றேன்.

கடைசிக் கோட்டு அடித்து முடித்த அன்று மதியம் ஷைனி கூப்பிட்டாள்.

“அப்பாவ இன்னைக்கே விட்டாச்சு. திங்கள்சந்தை தாண்டிட்டோம், இப்ப வந்திருவோம்.”

நானும் மணியும் ஏணியையும் டப்பாக்களையும் இழுத்துப் பின்பக்கம் போட்டோம். மழையில் கரண்ட் போயிருந்தது. கார் வந்து முற்றத்தில் நின்றது. மாமி இறங்கினாள், நின்றாள், வாயில் கையை வைத்தாள். ஷைனி இறங்கினாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

மாமா இறங்கவில்லை. கார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“இது ஆருக்க வீடு?”

“நம்ம வீடுதான் மாமா,” என்றேன் சிரித்துக்கொண்டு.

“நம்ம வீட்டுக்குப் போவும்,” என்றார் டிரைவரிடம்.

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து மாமாவின் கையைப் பிடித்தேன். பஞ்சு போல இருந்தது கை. மெல்ல நடத்தி, தூணில் படாமல், கதவில் படாமல், ஹாலில் அவருடைய மர நாற்காலியில் உட்காரவைத்தேன். மாமி கஞ்சி வைக்க அடுக்களைக்குப் போனாள். ஷைனி காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பஸ்ஸின் கடைசி சீட் வரை பார்ப்பது போல. நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். (ஆமாம், பாராட்டுக்கு.) வெளியே மழை கொஞ்சம் விட்டு, ஒரு வெயில் வந்தது. ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து, நான்கு சுவரிலும் பட்டு, ஹாலே பற்றி எரிவது போல ஆனது.

மாமா கண்ணைச் சுருக்கினார்.

“அந்த லைட்ட அணை மக்கா. கண்ணு கூசுது.”

அத்தனை வருடத்தில் என்னை அவர் மகனே என்ற பாசத்தில் ‘மக்கா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“லைட் ஒண்ணும் போடல்ல மாமா,” என்றேன்.

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

“ஓ,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனேன். திரையும் ஆரஞ்சுதான், ஆனாலும் கொஞ்சம் மறைக்குமே. அதற்குள் மாமி கஞ்சியோடு வந்தாள். “கேட்டியளா, ரெண்டு வாய் குடியுங்க,” என்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்தாள்.

பக்கத்து டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார், மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். போகும்போது தூணில் சாய்ந்து செருப்பு மாட்டினார். அவருடைய சட்டையின் பின்பக்கம்தான் அன்றைய முதல் பலி.

எழுத வந்தது வேடிக்கைக் கதை என்றாலும், அந்தச் சாயங்காலத்தில் வேடிக்கையாக எதுவும் இல்லை. கோயிலில் துக்க மணி அடித்தது. ஐஸ் பெட்டி வரத் தாமதமானதால் மாமாவை ஹாலில் கட்டிலில் கிடத்தியிருந்தோம். சாம்பிராணி போட்டார்கள், அகர்பத்தி கொளுத்தினார்கள். எதுவும் பெயின்ட் வாசனைக்கு முன்னால் நிற்கவில்லை. தின்னர் வாசனையில் மெழுகுவர்த்தி கொளுத்தலாமா என்று இரண்டு பேர் மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வந்து டியூப்லைட் எல்லாம் எரிந்தது.

மாமாவின் தங்கை லூர்து கதறிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணன் மேல் உயிர். கட்டிலில் விழுந்து முகத்தைப் பிடித்தவள், சட்டென்று அழுகையை நிறுத்தினாள். உற்றுப் பார்த்தாள்.

“அண்ணனுக்கு உயிரு இருக்கு!”

வீடே அடங்கியது.

“ஏட்டி, மொகத்தப் பாரு! சாவுக்க மொகமா இது? ரெத்தம் ஓடுது பாரு! கன்னம் செவந்து இருக்குது பாரு!”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். மாமாவின் முகத்தில் உயிரோடு இருந்தபோது கூட இல்லாத ஒரு சிவப்பு. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் ஆளின் முகம். “ஆமா, தூங்குத மாதிரித்தான் இருக்கு,” என்றாள் ஒருத்தி. “டாக்டர் சரியா பாக்கல்ல,” என்றது ஒரு குரல். “காரை எடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவும்,” என்றது இன்னொரு குரல். மூலையில் சுருண்டு கிடந்த மாமி எழுந்துவிட்டாள். எழ முடியாமல் கிடந்தவள், எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். ஷைனி ஓடி வந்து அப்பாவின் காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சம் சுவரில் பட்டு, அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது ரத்தம் இல்லை. அது சூரியோதயம்.

என்னவென்று சொல்வது? உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து வந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையாலும் அதை விரித்து உயரப் பிடித்தேன்.

மாமாவின் முகத்திலிருந்து சிவப்பு இறங்கிப்போனது. நெற்றி, கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாகச் சாம்பல் ஆனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஷைனி காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். மாமி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போய் அதே மூலையில் உட்கார்ந்தாள். லூர்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே நாளில் ஒரு மனிதனை இரண்டு தடவை சாகடித்தவனைப் பார்க்கும் பார்வை அது. ஐஸ் பெட்டி வரும் வரை நான் விரிப்பைக் கீழே இறக்கவில்லை. கை மரத்துப்போனது. யாரும் மாற்றிப் பிடிக்க வரவில்லை.

அன்று பங்குத்தந்தை ஜெபம் சொல்ல வந்தபோது, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று என்னிடம் கேட்டார்.

“லைட்ட அணைக்கச் சொன்னாரு ஃபாதர்,” என்றேன்.

அவர் கண்ணை மூடி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் அதற்குமேல் விளக்கவில்லை.

மறுநாள் காலை ஜோஸ் வந்தான். திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்சி பிடித்து, அழுது வீங்கிய கண்ணோடு ஊருக்குள் வந்தவன், வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். கொஞ்ச தூரம் போய், ரப்பர் தோட்டத்து முனையிலிருந்து எனக்கு போன் செய்தான்.

“அளியா, நம்ம வீடு எங்க?”

பிறந்து வளர்ந்த வீட்டை, அப்பா செத்துக்கிடக்கும் நாளில், ஒருவன் போன் போட்டுக் கேட்கும்படி ஆனது. நான் ரோட்டில் நின்று கைகாட்டினேன். இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தான். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். முற்றத்துப் பந்தல், நாற்காலிகள், அதன் பின்னால் அந்தக் கலர். பக்கத்தில் இருந்த தூணைக் கட்டிக்கொண்டு, அதில் கன்னத்தைப் பதித்து, விம்மி விம்மி அழுதான். வேண்டாம் என்று சொல்ல நான் ஓடினேன். ஆனால் அப்பாவை இழந்து அழுகிறவனிடம் “தூண் காயல்ல” என்று எப்படிச் சொல்வது? முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் விலகியபோது ஒரு காதும் ஒரு கன்னமும் ஆரஞ்சு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. அடக்கம் முடியும் வரை ஒரே மகன் அப்படித்தான் நின்றான். போட்டோவிலும் இருக்கிறான்.

வந்தவர்கள் எல்லோரும் வெள்ளையில் வந்தார்கள். துக்க வீட்டில் மனிதர்கள் எங்காவது சாய்வார்கள் என்பதை வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. சுவரில் சாய்ந்தார்கள், கதவைப் பிடித்தார்கள், ஜன்னலில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள், அதே கையால் கண்ணைத் துடைத்தார்கள். பெட்டியை வெளியே எடுக்கும்போது வாசலில் உரசி, அந்த வெள்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. ஊர்வலம் ரோட்டில் இறங்கியபோது நான் பின்னால் இருந்தேன். முன்னால் போன அத்தனை முதுகுகளிலும் ஒரே உயரத்தில், இடுப்பை ஒட்டி, ஆரஞ்சுப் பட்டை. வழியில் கடை வாசலில் நின்ற ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு, என்னிடம் மெல்லக் கேட்டார்:

“இறந்தவரு எந்தச் சங்கத்துல இருந்தாரு?”

கோயிலில் பங்குத்தந்தை பிரசங்கம் செய்தார். இவ்வுலகின் விளக்குகளை அணைத்துவிடுங்கள், நான் அணையாத பேரொளியைக் கண்டுகொண்டேன் என்று நம் சகோதரர் கடைசி மூச்சில் சொன்னார் என்றார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தத் தரிசனம் என்று கேட்டார். கோயில் முழுக்க விசும்பல். மாமாவுக்குப் பயந்து ஓடிப்போன கண்டக்டர்கள் கூடக் கண்ணைத் துடைத்தார்கள். நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்க்காத ஷைனி, பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றியோடு பார்த்தாள். அவள் அப்பாவின் அந்தக் கடைசி வார்த்தையை வாங்கி வைத்துக் கொடுத்தவன் நான் அல்லவா? நானும் அழுதேன். பயத்தில்தான்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து, ஆட்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, ஹாலில் நாங்கள் நாலு பேர் மிஞ்சினோம். மாமி, ஷைனி, ஜோஸ், நான். மாமி அந்த மர நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெனட்டு,” என்றாள் என்னிடம். “அவரு லைட்ட அணைக்கச் சொல்லும்பம், லைட் எரிஞ்சுதா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“இல்ல மாமி.”

“கரண்டு?”

“கரண்டே இல்ல மாமி. மழையில போயிருந்துது.”

ஜோஸ் மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான். ஷைனியும் பார்த்தாள். மாமியும் பார்த்தாள். சாயங்கால வெயிலில் சுவர் தகதகத்தது.

“அப்ப அப்பா சொன்னது...” என்று தொடங்கினான் ஜோஸ்.

மாமியின் தோள் குலுங்கியது. ஷைனி எழுந்து போய் அம்மாவைப் பிடித்தாள். அப்புறம்தான் தெரிந்தது, மாமி அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரிக்கிறாள்.

“சாவுத நேரத்திலயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சிட்டுல்லா போயிருக்காரு மனுசன்!”

நானும் சிரிக்கப் பார்த்தேன். ஷைனி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

“அப்பா கடைசியா பாத்தது எங்க மொகத்தக் கூட இல்ல,” என்றாள். “உங்களுக்க பெயின்ட்ட.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு எவ்வளவோ நாள் எங்களுக்குள் பேச்சு “சாப்பாடு இருக்கு”, “சாவி மேசையில இருக்கு” என்ற அளவில்தான் இருந்தது.

ஜோஸ் எழுந்து நின்றான். “நாளைக்கே ஆளக் கூப்பிட்டு வெள்ளை அடிக்கணும். நான் போறதுக்குள்ள முடியணும்.”

“ஒருத்தனும் தொடப்பிடாது,” என்றாள் மாமி.

“அம்மா, ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். கல்யாணம் முடிஞ்சு வந்த வருசம் நான் அவருகிட்ட கேட்டேன், கிறிஸ்துமஸுக்கு ஒரு மஞ்சக் கலர் அடிப்பமாண்ணு. ‘இது என்ன டவுன் பஸ்ஸா’ண்ணு கேட்டாரு. அதுக்குப் பொறவு நான் வாயத் திறக்கல்ல. அம்பது வருசம் வெள்ளை பாத்தாச்சு மக்கா. இனி கொஞ்ச காலம் இதப் பாக்கேன்.”

“ஒங்களுக்கு இது பிடிச்சிருக்கா?” என்றான் ஜோஸ் நம்பாமல்.

மாமி சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். “அவரு இருந்தா ஒரு நாள் கூட இருக்க விடமாட்டாரு,” என்றாள். இந்த முறை உண்மையாகவே அழுதாள்.

பொன்விழா நாளும் வந்தது. விழா இல்லை. மாமி தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஹாலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். ஷைனி பாயசம் வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. சாயங்காலம் அதை எடுத்துக் கொட்டியது நான்தான்.

வீடு இன்றும் அதே கலரில்தான் இருக்கிறது. மழை பட்டுக் கொஞ்சம் மங்கியிருக்கிறதே தவிர, அடங்கவில்லை. ஆட்டோக்காரர்களுக்கு எங்கள் முகவரி தேவைப்படுவதில்லை. ஷைனி என்னோடு பழையபடி பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். ஆனால் வெயில் உள்ளே விழும் நேரத்தில் ஹாலில் உட்கார மாட்டாள். நானும் கூப்பிடுவதில்லை.

குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள், நான் எங்கே இருக்கிறேன் என்று. லூர்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் பார்க்கப் போனேன். கையில் இருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துவிட்டு, “கொண்டு போயிருடே, எனக்கு இன்னும் காலம் இருக்கு,” என்றாள்.

போன வருடம் மாமிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. வயசு காரணமாக டாக்டர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். ஷைனி ஒரு பக்கம் அழுதுகொண்டு நடந்தாள். வாசலில் மாமி கையைத் தூக்கி, நிறுத்தச் சொன்னாள். மகளைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

நான் குனிந்து காதைக் கொடுத்தேன். இந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தைகளை என்னிடம்தான் விட்டுப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

என்னை எப்போதும் ‘நீங்க’ என்றே கூப்பிடும் மாமி, அன்று என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“மக்கா, நான் திரும்பி வரும்பம் வீடு வேற கலர்ல இருந்துதுண்ணா, நான் சாவமாட்டேன். உன்னக் கொன்னு போட்டிருவேன்.”

நர்ஸ் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஜெபம் பண்ணச் சொன்னார்கள் என்றேன்.

ஆபரேஷன் முடியும் வரை நான் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. நகரவும் வழியில்லை. கத்தாரிலிருந்து ஜோஸ் வீடியோ காலில் வந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், போனைத் திருப்பி, என் பின்னால் இருப்பது எந்தச் சுவர் என்று காட்டச் சொன்னான்.